ஓய்வூதியத்துக்கு ஐந்து மாதங்கள்: அன்னா வாலெந்தினோவிச்சின் தொழிற்சங்க வாழ்க்கை

தொழிலாளர்களின் பெயரால் ஆட்சி நடக்கும் ஒரு நாட்டில் தனியாகத் தொழிற்சங்கம் எதற்கு என்றும், அப்படிப்பட்ட நாட்டில் சங்கம் கட்ட முனைந்தவர் அன்றாடம் எப்படி வாழ்ந்தார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். போலந்தின் கதான்ஸ்க் நகரில் கிரேன் ஓட்டிய அன்னா வாலெந்தினோவிச்சின் வாழ்க்கையைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. 1980 ஆகஸ்டில் அந்நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் நடந்த வேலைநிறுத்தம் என்றதும் பலருக்கும் அதை முன்னின்று நடத்திய லேக் வலேசாவின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தை மூட்டிய பொறி, பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு பெண்ணைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை. ஓய்வு பெற அந்தப் பெண்ணுக்கு அப்போது ஐந்து மாதங்களே மீதி இருந்தன.

அவர் 1929 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தார். பிறந்த சிற்றூர் அன்று போலந்தின் கிழக்கு எல்லைப் பகுதியில் இருந்தது. இன்று அது உக்ரைனின் ரிவ்னே வட்டாரத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் குடும்பத்தைப் பிரிந்து, பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்றே நம்பி, ஒரு குடும்பத்தின் வீட்டிலும் வயலிலும் வேலை செய்யும் சிறுமியாக வளர்ந்தார். அக்குடும்பத்தோடுதான் கதான்ஸ்க் பகுதிக்கும் வந்து சேர்ந்தார். தன் உறவினர்கள் உக்ரைனில் உயிரோடு இருந்தார்கள் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே அவருக்குத் தெரியவந்தது. படிப்பும் இல்லாமல், சொந்தபந்தமும் இல்லாமல் நின்ற அந்த இளம்பெண்ணுக்கு 1950 நவம்பரில் கப்பல் தளத்தில் வெல்டர் வேலை கிடைத்தது. கையில் ஒரு தொழில், மாதாமாதம் சம்பளம், தன்னை ஓர் ஆளாக மதிக்கும் இடம் ஆகிய மூன்றும் அவருக்கு ஒரே நாளில் வாய்த்தன. ரோசா லக்சம்பர்க் பெயரைத் தாங்கிய பெண்கள் குழுவில் சேர்ந்தார். நிர்ணயித்த வேலை அளவைப் பலமுறை தாண்டிக் காட்டினார். 1951-இல் கிழக்கு பெர்லினில் நடந்த உலக இளைஞர் விழாவுக்குச் சிறந்த தொழிலாளியாக அனுப்பப்பட்டார்.

இந்தத் தொடக்கத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதேச்சாதிகார ஆட்சியை எதிர்த்தவர்கள் எல்லோரும் முதல் நாளிலிருந்தே எதிரிகளாக இருந்தவர்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அன்னா அப்படிப்பட்டவர் அல்லர். அரசு சொன்னதை அவர் முழுமையாக நம்பினார்; தளம் தொழிலாளர்களுடையது என்று சொன்னால் அதன் கணக்கைத் தொழிலாளர்கள் கேட்கலாம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்கு வந்த தொல்லைகள் எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்கின என்பது என் கருத்து.

போலந்தில் அப்போது தொழிற்சங்கம் இல்லாமல் இல்லை. எல்லாத் தொழிற்சாலைகளிலும் மத்திய தொழிற்சங்கக் கவுன்சிலின் கிளை இருந்தது; ஏறக்குறைய எல்லோரும் அதில் உறுப்பினர்கள். கோடை விடுமுறை இல்லத்தில் இடம் ஒதுக்குவது, பிள்ளைகளை முகாமுக்கு அனுப்புவது, நலநிதியிலிருந்து சிறு கடன் கொடுப்பது ஆகியவை அதன் வேலை. சம்பளத்தை அது பேசி முடிவு செய்யாது. வேலைநிறுத்தம் என்ற சொல்லே அதன் அகராதியில் இல்லை. ஆலை இயக்குநர், ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர், சங்கத் தலைவர் ஆகிய மூவரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. முதலாளி தனியாராக இருக்கும் நாட்டில் ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் அவர் வேறொரு முதலாளியிடம் போகலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம், பத்திரிகையில் எழுதலாம். போலந்தில் வேலை கொடுப்பதும் அரசு, வீடு ஒதுக்குவதும் அரசு, கடவுச்சீட்டு தருவதும் அரசு. நீதிபதியை நியமிப்பதும், நாளிதழை அச்சிடுவதும், காவலரை வாசலுக்கு அனுப்புவதும் அதே அரசுதான். ஆகவே கையுறை சரியில்லை என்றோ போனஸ் கணக்கு இடிக்கிறது என்றோ ஒருவர் சொன்னால், அந்த வாக்கியம் தானாகவே அரசியல் ஆகிவிடும். அப்படிச் சொல்பவர் புரட்சிக்காரராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. கணக்குக் கேட்டாலே போதும்.

அன்னா கணக்குக் கேட்டார். 1960-களில் அவருக்குப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றார். வெல்டிங் வேலையைத் தொடர முடியாமல் 1966 முதல் கிரேன் இயக்குபவராக மாறினார். 1964-இல் மணந்த கணவர் கஜிமியெஷ் 1971-இல் இறந்துபோக, 1952-இல் திருமணத்துக்கு முன்பே பிறந்திருந்த மகன் யானுஷ் மட்டுமே உடனிருந்தார். இதற்கிடையில்தான் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய நிதியை எடுத்துப் பரிசுச்சீட்டு ஆடிய பொறுப்பாளரை அவர் அம்பலப்படுத்தினார். தண்டனை அந்த ஆளுக்குக் கிடைக்கவில்லை. 1968-இல் அன்னாவைத்தான் வெளியேற்ற முயன்றார்கள். உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து நின்றதால் அவர் தப்பினார். பணம் திருடியவரைவிடத் திருட்டைச் சொன்னவர் நிர்வாகத்துக்கு ஆபத்தானவர் என்பதும், சக தொழிலாளர்கள் அசையாமல் நின்றால் நிர்வாகம் பின்வாங்கும் என்பதும் அந்த ஒரே நிகழ்வில் அவருக்கு விளங்கின. அதன்பின் அவருடைய வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டும் மாறி மாறி நடந்தன.

1970 டிசம்பர் 12 அன்று, கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் கூட இல்லாத நேரத்தில், உணவுப் பொருள்களின் விலையை அரசு உயர்த்தியது. 14-ஆம் தேதி கதான்ஸ்க் தளத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். 16-ஆம் தேதி தளத்தின் இரண்டாம் வாயிலில் படையினர் சுட்டார்கள். 17-ஆம் தேதி பக்கத்து நகரமான கிதினியாவில் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் மீதே சுட்டார்கள். கடலோர நகரங்களில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்கள் பலரை இரவோடு இரவாக, குடும்பத்தினர் சிலர் மட்டும் நிற்க, காவலர் சூழ அடக்கம் செய்தார்கள். கட்சித் தலைவர் கொமுல்கா பதவி இழந்தார். அவரிடத்துக்கு வந்த எட்வர்ட் கியெரெக் 1971 ஜனவரி 25 அன்று கதான்ஸ்க்கு வந்து தொழிலாளர் பிரதிநிதிகளைச் சந்தித்து, எனக்கு உதவுவீர்களா என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் அன்னாவும் இருந்தார். அவரும் மற்றவர்களைப் போலவே இந்த முறை மாற்றம் வரும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை ஏமாளித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுடப்பட்டவர்கள் மறுபடியும் நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதே அந்த ஆட்சிக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அதை அது வீணடித்தது.

1976 ஜூனில் மறுபடியும் விலையேற்றம் வந்தது. ராதோம், உர்சுஸ் ஊர்களின் தொழிலாளர்கள் எழுந்தார்கள். அரசு அவர்களை அடித்தது, சிறையில் அடைத்தது, வேலையிலிருந்து துரத்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வார்சாவின் அறிவாளிகள் சிலர் தொழிலாளர் பாதுகாப்புக் குழுவை அமைத்தார்கள். வழக்கறிஞர் பிடிப்பது, நீக்கப்பட்டவர் குடும்பத்துக்குப் பணம் சேர்ப்பது, நீதிமன்றத்தில் போய் உட்காருவது என்று அதன் வேலைகள் மிகச் சாதாரணமானவை. 1970-இல் தொழிலாளர்கள் தனியாக நின்றார்கள். இம்முறை படித்தவர்கள் அவர்கள் பக்கம் வந்தார்கள், அதுவும் கோட்பாட்டைச் சொல்லிக்கொடுக்க அல்லாமல் வழக்குச் செலவுக்குப் பணம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இந்த வேறுபாடுதான் அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

1978 ஏப்ரல் 29 அன்று கதான்ஸ்கில் கடலோரச் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அமைப்புக் குழு பிறந்தது. அந்த்ஷேய் க்வியாஸ்தா, கிஷிஷ்டோஃப் விஷ்கோவ்ஸ்கி, அந்தோனி சொகோலோவ்ஸ்கி ஆகிய மூவர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மேற்கிலிருந்து ஒலிபரப்பான சுதந்திர ஐரோப்பா வானொலியில் செய்தியைக் கேட்ட அன்னா, அவர்களைத் தேடிக்கொண்டு தானே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 48 வயது.

இந்த இடத்தில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்ற உங்கள் கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். தலைமறைவு இயக்கம் என்றால் மாறுவேடம், புனைபெயர், சுரங்கப்பாதை என்று ஒரு படம் மனத்தில் எழும். இவர்கள் அதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும் வெளிப்படையாக அறிவித்தார்கள். போலந்து அரசு, சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கையை 1957-இலேயே ஏற்றுக் கையெழுத்திட்டிருந்தது. ஆகவே நாங்கள் சட்டப்படி நடக்கிறோம், சட்டத்தை மீறுவது நீங்கள்தான் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. வ்ஷெஷ்ச் பகுதியின் குருன்வால்ட்ஸ்கா தெருவில் இருந்த அன்னாவின் வீடு கூடும் இடங்களில் ஒன்றாயிற்று. அங்கே என்ன நடந்தது? பெரும்பாலும் பாடம் நடந்தது. தொழிலாளர் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி ஒருவரை உடனடியாக நீக்கலாம், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, கைதானால் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதையெல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். போலந்தின் வரலாற்றையும் படித்தார்கள். கடலோரத் தொழிலாளி என்ற தாளை நகலெடுத்து ஆலைகளுக்குள் கொண்டுபோனார்கள்.

அன்றைய போலந்துச் சட்டப்படி குற்றச்சாட்டு இல்லாமல் ஒருவரை 48 மணி நேரம் காவலில் வைக்கலாம். காவல் துறை அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது: பிடித்துப் போவார்கள், இரண்டு நாள் வைத்திருப்பார்கள், விடுவார்கள், சில நேரம் உடனே மறுபடியும் பிடிப்பார்கள். வீட்டில் சோதனை போட்டுத் தாள்களையும் தட்டச்சுப் பொறியையும் எடுத்துப் போவார்கள். வேலைக்கு வராத நாள்களுக்கு ஆலை விளக்கம் கேட்கும்; காவல் நிலையத்தில் இருந்தேன் என்பது விளக்கமாக எடுத்துக்கொள்ளப்படாது. இப்படிக் காவல் துறையும் ஆலை நிர்வாகமும் ஒன்றுக்கொன்று வேலை கொடுத்துக்கொண்டன. பெரிய வழக்கு ஒன்றைப் போட்டால் உலகம் பார்க்கும். இப்படிச் சிறு சிறு துண்டாக ஒருவருடைய வாரத்தையும் மாதத்தையும் தின்றால் யாரும் பார்ப்பதில்லை. சிறையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஒரு செயற்பாட்டாளரை உண்மையில் அரித்துத் தேய்ப்பது இந்த இரண்டு நாள் காவல்தான்.

ஆலைக்குள் நிர்வாகத்தின் ஆயுதம், வேறு பிரிவுக்கு மாற்றுவது. பழகியவர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்தவரை, யாரையும் தெரியாத பிரிவுக்குத் தூக்கிப் போடுவார்கள். அன்னா அதைத் தொழிலாளர் தகராறுகளுக்கான அமைப்பிடம் முறையிட்டு, பழைய இடத்திலேயே வேலை தர வேண்டும் என்ற தீர்ப்பும் பெற்றார். நிர்வாகம் அந்தத் தீர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. பிறகு வந்த குற்றச்சாட்டு, அவருடைய வாழ்க்கையில் நடந்தவற்றிலேயே என்னை அதிகம் உலுக்கியது. 1970-இல் சுடப்பட்டவர்களுக்காக ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டாம் வாயிலில் மலரும் மெழுகுவத்தியும் வைப்பது அவர்களின் வழக்கம். அரசு அதைத் தடுத்துக்கொண்டே இருந்தது. அந்த நினைவுநாளுக்கு மெழுகுவத்தி வார்ப்பதற்காகக் கல்லறைத் தோட்டத்தில் எரிந்து முடிந்த மெழுகுத் துண்டுகளை அன்னா பொறுக்கினார். அதைத் திருட்டு என்று அவர் மீது சுமத்தினார்கள். நலநிதியில் கை வைத்தவரைக் காட்டிக்கொடுத்த பெண்ணை, கல்லறை மெழுகு திருடியவள் என்று எழுதி வைத்தார்கள். அவமானப்படுத்துவது அந்த ஆட்சியின் நிர்வாக முறைகளில் ஒன்று. அதற்கென்று தனிப் படிவமே இருந்ததுபோல் அது நடந்தது.

இவ்வளவுக்கும் 1979-இல்தான் அவருக்கு அரசின் தங்கச் சேவைச் சிலுவை விருது கிடைத்திருந்தது. வெண்கலமும் வெள்ளியும் முன்பே பெற்றிருந்தார். ஒரு கையால் விருது கொடுத்து, மறுகையால் இரண்டு நாள் காவலுக்கு அனுப்பும் விந்தை அதிகாரிகளுக்கே உறைத்ததாகத் தெரியவில்லை.

1980 ஆகஸ்ட் 7 அன்று ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். சங்கத் தோழர்கள் உடனே ஒரு துண்டறிக்கை தயாரித்தார்கள். அதில் எழுச்சியுரை எதுவும் இல்லை. 1950 முதல் இங்கே வேலை செய்பவர், 16 ஆண்டு வெல்டராகவும் பிறகு கிரேன் இயக்குபவராகவும் இருந்தவர், இந்த இந்த விருதுகளைப் பெற்றவர் என்று ஒரு பணிப்பதிவேட்டைப் போலத் தொடங்கி, மற்றவர்களுக்காகப் பேசியதே அவர் செய்த குற்றம் என்றும், இதை நாம் விட்டுவிட்டால் நாளை வேலை அளவு உயரும்போதும் பாதுகாப்பு விதி மீறப்படும்போதும் வாய் திறக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்றும் அது சொன்னது. தொழிற்சங்கத் துண்டறிக்கை எப்படி எழுத வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சங்கத் தோழர்களில் ஒருவரான போக்தான் போருசேவிச் வேலைநிறுத்தத்துக்கு நாளைக் குறித்தார். ஆகஸ்ட் 14 வியாழக்கிழமை விடியற்காலை ஷிப்டில் மூன்று இளம் தொழிலாளர்கள் அந்தத் துண்டறிக்கையையும் சுவரொட்டியையும் கொண்டு போய்த் தத்தம் பிரிவுகளை நிறுத்தினார்கள். அவர்களின் கோரிக்கைகள் இவை: அன்னாவையும், 1976-இல் நீக்கப்பட்டிருந்த வலேசாவையும் திரும்ப எடுக்க வேண்டும். சம்பளம் உயர வேண்டும். 1970-இல் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும். பேச்சுவார்த்தைக்கு வந்த இயக்குநரிடம் தொழிலாளர்கள் முதலில் அன்னாவைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஒரு வாரம் முன்பு அவரை வெளியே தள்ளிய இயக்குநரின் சொந்தக் கார் அவர் வீட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவருக்கு 51-ஆம் பிறந்தநாள்.

16-ஆம் தேதி சனிக்கிழமை நடந்ததுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. நிர்வாகம் மாதம் 1500 ஸ்லோட்டி (போலந்து நாணயம்) சம்பள உயர்வுக்கும் இருவரையும் மீண்டும் எடுப்பதற்கும் இசைந்தது. வலேசா வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்தார். ஆனால் இரண்டு நாளில் இந்தத் தளத்துக்கு ஆதரவாக நகரின் மற்ற ஆலைகளும் பேருந்து, டிராம் ஊழியர்களும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ், நீங்கள் எங்களை விட்டுப் போனால் நாங்கள் தொலைந்தோம், பேருந்துகள் டாங்கிகளை வெல்ல முடியாது என்றார். தொழிலாளர்கள் வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அன்னாவும், தள மருத்துவமனையின் செவிலியர் அலினா பியென்கோவ்ஸ்காவும் வாயில்களுக்கு ஓடினார்கள். மூன்று நாள் வீட்டைப் பார்க்காத களைப்பில் இருந்தவர்களை நிறுத்துவது எளிதாக இல்லை. அன்னாவின் பேச்சுக்குச் சிலர் முகம் சுளித்துவிட்டுப் போனார்கள். பியென்கோவ்ஸ்கா ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்று பேசி வாயிலை மூட வைத்தார். அன்றிரவு தளத்தில் தங்கியவர்கள் 16,000 பேரில் ஒரு சிறு பகுதியினரே. ஆனால் அந்தச் சிறு பகுதியினர் தங்கியதால்தான் பல ஆலைகள் இணைந்த வேலைநிறுத்தக் குழு அன்றிரவு அமைந்தது. ஒரு தளத்தின் சம்பளத் தகராறு நாட்டின் தகராறு ஆயிற்று. தனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்ட பிறகு, தன் கோரிக்கை நிறைவேறிவிட்ட பிறகு, பிறருக்காக வாயிலை மூட ஓடினார் என்பதுதான் அன்னாவைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி.

மரப்பலகைகளில் எழுதி வாயிலில் தொங்கவிட்ட 21 கோரிக்கைகளை நீங்கள் ஒருமுறை வரிசையாகப் படிக்க வேண்டும். முதலாவது, 87-ஆம் உடன்படிக்கையின்படி கட்சிக்கு அடங்காத சுதந்திரச் சங்கம். இரண்டாவது வேலைநிறுத்த உரிமை, மூன்றாவது கருத்துரிமை. அப்படியே கீழே வந்தால் சம்பளத்தில் 2000 ஸ்லோட்டி உயர்வு, காவல் துறைக்கும் கட்சி அலுவலர்களுக்கும் உள்ள சலுகைகளை நீக்குவது, பெண்களுக்கு 50 வயதில் ஓய்வு, மூன்று ஆண்டு சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு, குழந்தைகள் காப்பகத்தில் இடம், வீட்டுக்குக் காத்திருக்கும் காலத்தைக் குறைப்பது, சனிக்கிழமை விடுமுறை. பெரிய உரிமையும் சிறிய தேவையும் ஒரே பலகையில் இருந்ததுதான் அதன் வலிமை. கருத்துரிமை என்று மட்டும் எழுதியிருந்தால் அது அறிவாளிகளின் மனு. சம்பளம் என்று மட்டும் எழுதியிருந்தால் 1500 ஸ்லோட்டியோடு முடிந்திருக்கும். அந்தப் பலகைகளை 2003-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆகஸ்ட் 31 அன்று துணைப் பிரதமர் யாகியெல்ஸ்கியும் வலேசாவும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். ஓராண்டுக்குள், அந்த உடன்பாட்டால் பிறந்த சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் இருந்தார்கள்.

வெற்றிக்குப் பின் வந்த நாள்கள் அன்னாவுக்கு எளிதாக இருக்கவில்லை. வலேசா எல்லா முடிவுகளையும் தானே எடுக்கிறார், கலந்து பேசுவதில்லை என்று அவர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். 1981 ஏப்ரலில், எந்தத் தளம் அவருக்காக வேலையை நிறுத்தியதோ அந்தத் தளத்தின் சங்கக் குழுவே அவரைப் பிரதிநிதிப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அரசின் கோப்புகள் பின்னாளில் திறக்கப்பட்டபோது, அதே ஆண்டு அக்டோபரில் அவர் ராதோம் போனபோது உளவாளிகள் மூலம் ஃபுரோசமைடு என்ற சிறுநீர் பெருக்கி மருந்தைக் கொடுத்து அவரை வீழ்த்த ரகசியக் காவல் துறை திட்டமிட்டிருந்தது தெரிந்தது; அதற்காக முன்னாள் அதிகாரிகள் மீது வழக்கும் தொடரப்பட்டது.

1981 டிசம்பர் 13 அன்று, அப்போது ஆட்சித் தலைவராக இருந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். டிசம்பர் 16 அன்று டாங்கி தளத்தின் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தது. அதே நாளில் கடோவிட்சே நகரின் வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சட்டத்தின் காலத்தில் சுமார் 10,000 பேரைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அன்னா முதலில் சிறையிலும், பிறகு கோல்தாப் என்ற ஊரில் வானொலித் துறையின் விடுமுறை இல்லமாக இருந்து பெண்களுக்கான முகாமாக மாற்றப்பட்ட இடத்திலும் இருந்தார். இனி அரசுக்கு எதிராக நடக்கமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டால் விடுதலை என்று எல்லோரிடமும் நீட்டினார்கள். 1982 ஜூலையில் வெளியே வந்த அவரை ஆகஸ்டில் மறுபடியும் கைது செய்தார்கள். 1983-இல் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், வூயெக்கில் இறந்தவர்களுக்கு நினைவுப் பலகை பதிக்கப் போனதற்காக மீண்டும் கைதாகி, உடல்நலம் கெட்டதால் 1984 ஏப்ரலில் விடப்பட்டார். அந்த அக்டோபரில் சாலிடாரிட்டியை ஆதரித்த பாதிரியார் யெர்ஜி போப்பியெவுஷ்கோவை ரகசியக் காவலர்கள் கடத்திக் கொன்றார்கள். 1985-இல் கிராகோவ் நகரின் ஒரு தேவாலயத்தில் நடந்த உண்ணாநிலைப் போராட்டத்தில் அவர் பங்கெடுத்தார்.

1989-இல் கம்யூனிச அரசும் சாலிடாரிட்டியின் தலைவர்களும் நடத்திய வட்டமேசைப் பேச்சுவார்த்தையை அவர் ஏற்கவில்லை. பழைய ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்காமல் அவர்களோடு பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. வலேசா 1970-களில் ரகசியக் காவல் துறைக்குத் தகவல் கொடுத்தார் என்றும் கடைசி வரை சொல்லிவந்தார். இதில் நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் நியாயம்: 2000-இல் ஒரு நீதிமன்றம் வலேசாவைக் குற்றமற்றவர் என்றது, 2016-இல் முன்னாள் உள்துறை அமைச்சர் ஒருவரின் வீட்டிலிருந்து கோப்புகள் கிடைத்தன, அவற்றில் உள்ள கையெழுத்து வலேசாவுடையதே என்று 2017-இல் பழைய ரகசியக் காவல் துறையின் கோப்புகளைக் காக்கும் தேசிய நினைவு நிறுவனம் நிபுணர் அறிக்கையை வெளியிட்டது, வலேசா அதை இன்றும் மறுக்கிறார். இதைப் படிப்பவர்கள் யார் பக்கம் நிற்பது என்று உடனே தேடுகிறார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. உளவாளிகளை வைத்து ஆண்ட அரசு 1989-இல் போய்விட்டாலும், அது விதைத்த சந்தேகம் ஒரே வாயிலில் நின்றவர்களைச் சாகும்வரை பேசவிடாமல் பிரித்து வைத்தது. ரகசியக் காவல் துறை செய்த வேலைகளிலேயே நெடுநாள் நிலைத்தது அதுதான்.

புதிய போலந்தில் அன்னா வசதியாக வாழவில்லை. சிறு ஓய்வூதியத்தில் காலம் தள்ளினார். 2000-இல் கதான்ஸ்க் நகரம் தர முன்வந்த கௌரவக் குடியுரிமையை மறுத்தார். ஆனால் 2003-இல், 1980-களில் தன்னைத் துன்புறுத்தியதற்காக அரசிடம் 1,20,000 ஸ்லோட்டி இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனார். கௌரவத்தை மறுத்தவர் பணம் கேட்கலாமா என்று அப்போது முணுமுணுத்தவர்களுக்கு அவரைப் புரியவில்லை. பட்டம் அவர்களாகத் தருவது. இழப்பீடு தனக்குச் சேர வேண்டியது. சேர வேண்டியதைக் கணக்குப் போட்டுக் கேட்பதைத்தான் அவர் வெல்டராக இருந்த காலத்திலிருந்து செய்துவந்தார். 2006-இல் குடியரசுத் தலைவர் லேக் கச்சின்ஸ்கி அளித்த, நாட்டின் மிக உயர்ந்த வெண்கழுகு விருதை அவர் ஏற்றுக்கொண்டார்.

2010 ஏப்ரல் 10 அன்று, 1940-இல் சோவியத் ரகசியக் காவல் துறை போலந்து அதிகாரிகளைக் கொன்ற கதின் படுகொலையின் நினைவுநாளுக்காகக் கச்சின்ஸ்கியோடு சென்ற விமானம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் அருகே விழுந்து 96 பேரும் இறந்தார்கள். அவர்களில் அன்னாவும் ஒருவர். கதான்ஸ்கில் அவரைக் கணவரின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 2012 செப்டம்பரில் கல்லறையைத் திறந்து பரிசோதித்தபோது உள்ளே இருந்தது வேறொரு பெண்ணின் உடல் என்று தெரிந்தது. மகன் யானுஷ் இரண்டாம் முறையாகத் தாயை அடக்கம் செய்தார், அன்னா வாழ்ந்த அதே வ்ஷெஷ்ச் பகுதியின் ஸ்ரெப்ஷிஸ்கோ கல்லறைத் தோட்டத்தில்.